பேஸ்மெண்ட்டுன்னா அண்டர்கிரவுண்டா? ரிட்டயர்ட் கண்டக்டர் அண்ணனுக்கு ஒரு சைட் இன்ஜினியரோட பதில்

வணக்கம்ணே. துறையூர் பக்கத்துல இருந்து நாலு பக்கம் எழுதி, கூடவே அக்ரிமெண்ட் ஜெராக்ஸ், பிளான், கம்பிக் கடை பில்லு எல்லாம் வச்சு அனுப்பிருக்கீங்க, இப்படி அனுப்புனா பதில் சொல்றவங்களுக்கு பாதி வேலை மிச்சம். படிக்கிற மத்தவங்களுக்காக உங்க பிரச்சனையை சுருக்கமா சொல்லிடறேன். அண்ணன் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், வந்த பணத்துல 936 சதுரடிக்கு ஒரு வீடு கட்டிட்டு இருக்கார். மேஸ்திரி "பேஸ்மெண்ட் முடிஞ்சிருச்சு, ரெண்டாவது தவணை குடுங்க"ன்னு கேட்டிருக்கார், பெங்களூர்ல இருக்கற மகன் போன்ல "பேஸ்மெண்ட்டா, நம்ம பிளான்ல அண்டர்கிரவுண்டே இல்லையே, எதுக்குப்பா காசு குடுக்குற"ன்னு கத்திருக்கார், நடுவுல அண்ணன் மாட்டிக்கிட்டார். அதோட லிண்டல் எல்லா சுவர்லயும் ஓடாதாம், ஓடணும்னா எக்ஸ்ட்ராவாம். 936 சதுரடி எப்படி 1,085 ஆச்சுன்னு புரியல. கம்பி பில்லுல கிலோ, மேஸ்திரி வாயில நூல், டிராயிங்ல எம்.எம். சென்ட்ரிங் எத்தனை நாள் இருக்கணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கடைசி வரியில அக்கா சார்பா சமையல் மேடை பத்தி ஒரு கேள்வி, அதுக்கு கடைசியில வரேன்.

முதல்ல உங்க மகனையும் திட்ட வேணாம், மேஸ்திரியையும் திட்ட வேணாம், ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். பெங்களூர் அபார்ட்மெண்ட்ல பேஸ்மெண்ட்டுன்னா தரைக்கு கீழ கார் நிறுத்துற இடம், புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கும். நம்ம ஊர் சைட்ல பேஸ்மெண்ட்டுன்னா தரையில இருந்து வீட்டோட உள்தளம் வரைக்கும் தூக்கிக் கட்டுற உயரம், அவ்வளவுதான். இன்ஜினியர் டிராயிங்ல அதுக்கு பிளிந்த்துன்னு பேரு. அஸ்திவாரத்துக்கும் இப்படித்தான், எங்க பக்கம் கடக்கால் எடுக்கறதும்பாங்க, தெற்க போனா வானம் தோண்டுறதும்பாங்க, நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு பெரியவர் "வானம் தோண்டியாச்சுங்க மேடம், வந்து பாருங்க"ன்னு போன் பண்ணப்ப நான் அண்ணாந்து பாத்தேன், இன்னைக்கும் சொல்லி சிரிப்பாங்க.

ஆனா அண்ணே, தகராறு பேர்ல இல்ல, பேஸ்மெண்ட் "முடிஞ்சிருச்சு"ங்கறதுல இருக்கு. எது வரைக்கும் முடிஞ்சா பேஸ்மெண்ட் முடிஞ்சதுன்னு அர்த்தம்? உங்க அக்ரிமெண்ட்ல வெறுமனே "பேஸ்மெண்ட் முடிந்தவுடன் 2ஆம் தவணை"ன்னு ஒரே வரி. மேஸ்திரி கணக்குல பிளிந்த் பீம் கான்கிரீட் போட்டு பலகை பிரிச்சா முடிஞ்சது. என்னைக் கேட்டா அது பாதிதான். அந்த பீமுக்கு நடுவுல இருக்கற குழிக்குள்ள கிராவல் கொட்டி, அரை அடி அரை அடியா பரப்பி, தண்ணி விட்டு, திமுசு போட்டு இறுக்கி, கரையான் மருந்து அடிச்சு, மேல பி.சி.சி, அதாவது கம்பி இல்லாத கான்கிரீட், போட்டாத்தான் நீங்க மேல நின்னு "இது என் வீட்டு தளம்"னு சொல்ல முடியும். கண்டக்டரா இருந்த உங்களுக்கு நான் ஸ்டேஜ் கணக்கு சொல்லணுமா, அடுத்த ஸ்டேஜ் வராம அதுக்கான டிக்கெட்ட கிழிப்பீங்களா? நீங்க அனுப்புன போட்டோவுல பீம் போட்டிருக்கு, உள்ள மண்ணு பாதி கூட ரொம்பல. அதனால தவணையில பாதி இப்ப குடுங்க, மீதி ஃபில்லிங்கும் பி.சி.சியும் முடிஞ்சப்புறம்னு சொல்லுங்க, நியாயமான மேஸ்திரின்னா ஒத்துக்குவார், ஏன்னா பீமுக்கு நிஜமாவே அவருக்கு செலவாகிருக்கு.

இந்த ஃபில்லிங்க நான் இழுத்து சொல்றதுக்கு காரணம் இருக்கு. வீடு குடி போயி ரெண்டாவது வருஷம் டைல்ஸ் நடுவுல தட்டுனா டொங்கு டொங்குன்னு சத்தம் வரும், மூலையில சுவரை விட்டு தரை ஒரு நூல் இறங்கி நிக்கும், எல்லாரும் டைல்ஸ்காரரை திட்டுவாங்க, பாவம் அவர் என்ன பண்ணுவார், கீழ ரெண்டரை அடி மண்ணை ஒரே நாள்ல லாரியோட கொட்டி மேலாப்ல மட்டும் தண்ணி தெளிச்சிருப்பாங்க. திமுசு போடுற ஆளை இப்ப தேடணும், மெஷின் வாடகைக்கு கிடைக்குது, ஒரு நாள் வாடகைக்கு யோசிக்காதீங்க. உயரம் எவ்வளவுன்னும் கேட்டிருந்தீங்க, நேஷனல் பில்டிங் கோட் சுத்தி இருக்கற தரையில இருந்து குறைஞ்சது 45 சென்டிமீட்டர்ங்குது, அதாவது ஒன்றரை அடி. ஆனா நம்ம ஊர்ல ரோட்டை சுரண்டாம மேல மேல போட்டுட்டே போறாங்களே, அதனால இப்ப இருக்கற ரோட்டு மேல இருந்து ரெண்டரை மூணு அடி வைக்கிறதுதான் புத்திசாலித்தனம். உங்க போட்டோவுல டேப்பு வச்சு காட்டிருக்கீங்க, 2 அடி 9 இன்ச்சு, நல்லாருக்கு, ஆனா அது உங்க மனைத் தரையில இருந்தா ரோட்டுல இருந்தான்னு தெரியல, ரோட்டு நடுவுல இருந்து டியூப் மட்டம், அதாவது தண்ணி நிரப்புன டியூப்பால மட்டம், புடிச்சு ஒரு தடவை பாத்துடுங்க.

இப்ப அந்த 1,085. உங்க பிளான் 26க்கு 36, வெளிச்சுவர் வெளிப்பக்கத்துல இருந்து வெளிப்பக்கம், பெருக்குனா 936. இது பிளிந்த் ஏரியா. போர்டிகோ 10க்கு 10, நூறு. மாடிப்படிக்கு மேல மொட்டை மாடியில வர்ற ஹெட்ரூம் 7க்கு 7, நாப்பத்தொன்பது. கூட்டிப் பாருங்க, 1,085 டாண்ணு வருது. மேஸ்திரி எதையும் ஒளிச்சு வைக்கல, கான்கிரீட் கூரை எங்கெல்லாம் வருதோ அதையெல்லாம் முழு ரேட்ல கணக்கு போட்டிருக்கார். பல ஊர்ல போர்டிகோவுக்கு பாதி ரேட்டுதான் போடுவாங்க, சுவர் இல்ல, ஜன்னல் இல்ல, உள் பூச்சு இல்ல, தூணும் கூரையும் தானே. இது பேசி முடிக்க வேண்டிய விஷயம், சட்டம்லாம் இல்ல, ஆனா கையெழுத்துக்கு முன்னாடி பேசிருக்கணும். இப்பவும் கேளுங்க, ஹெட்ரூமை முழு ரேட்லயே விட்டுட்டு போர்டிகோவை மட்டும் பாதி ரேட்டுக்கு கேளுங்க.

மகன் பெங்களூர்ல கார்பெட் ஏரியான்னு பேசுவாரே, அது வேற. வீடு விற்பனையை ஒழுங்குபடுத்துற 2016 ரெரா சட்டம் சொல்ற கார்பெட் ஏரியான்னா வெளிச்சுவரை விட்டுட்டு உள்ள நாம புழங்குற தளம், உள்ள அறைக்கு அறை நடுவுல வர்ற சுவர் அதுல சேரும், பால்கனி மொட்டைமாடி சேராது. உங்க வீட்டுக்கு 9 இன்ச் வெளிச்சுவரை கழிச்சா இருபத்திநாலரைக்கு முப்பத்திநாலரை, 845 சதுரடி. ஆக சுத்தி நிக்கிற சுவருக்கே 91 சதுரடி போகுது. வீடு வாங்குறப்ப கார்பெட் ஏரியா பாக்கணும், வீடு கட்டுறப்ப கொத்தனார் சுவரையும் கட்டணும் இல்லையா, அதனால பிளிந்த் ஏரியாவுக்குத்தான் கூலி. அப்பாவும் பிள்ளையும் ரெண்டு வேற வேற சதுரடியை வச்சு சண்டை போட்டிருக்கீங்க.

லிண்டல் விஷயம் கொஞ்சம் பெருசு. கதவு ஜன்னலுக்கு மேல இருக்கற சுவரோட பாரம் நிலை மேல உக்காரக்கூடாதுன்னு குறுக்க போடுற கான்கிரீட் கட்டைதான் லிண்டல். தளத்துல இருந்து 7 அடி உயரத்துல வரும். ஒரு ஜன்னல் 4 அடின்னா லிண்டல் 5 அடி இருக்கணும், ரெண்டு பக்கமும் அரை அடி அரை அடி சுவர் மேல உக்காரணும். இதை துண்டு லிண்டல்னு சொல்லுவாங்க. இதே லிண்டல் நிக்காம வீட்டை சுத்தி எல்லா சுவர் மேலயும் ஓடுனா அதுக்கு ஓட்டு லிண்டல், பெல்ட்டு, கன்டினியூவஸ் லிண்டல்னு ஊருக்கு ஒரு பேரு. உங்க அக்ரிமெண்ட்ல "லிண்டல் கான்கிரீட் உட்பட"ன்னு இருக்கு. நீங்க படிச்சது பெல்ட்டு, அவர் எழுதுனது துண்டு. இதுலயும் பொய் யாரும் சொல்லல.

பெல்ட்டு போட்டா நல்லதா? நல்லதுதான், சுவரை எல்லாம் சேர்த்து கட்டுன மாதிரி புடிச்சுக்கும், பில்லரும் செங்கலும் சேர்ற இடத்துல விரிசல் குறையும். எக்ஸ்ட்ரா எவ்வளவு நியாயம்னு பாக்க நானே கணக்கு போட்டேன். உங்க பிளான்ல 9 இன்ச் சுவர் வெளியில 124 அடி, உள்ள ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல ஒண்ணு 24 அடி, ஆக 148 அடி. கதவு ஜன்னலுக்கு எப்படியும் அவர் போட வேண்டிய துண்டு லிண்டல் எல்லாம் சேர்த்து 58 அடி வருது. மிச்சம் 90 அடி. 9 இன்ச் அகலம் 6 இன்ச் உயரம்னா ஒரு அடி நீளத்துக்கு 0.375 கன அடி கான்கிரீட், 90 அடிக்கு கிட்டத்தட்ட 34 கன அடி. மேல ரெண்டு கீழ ரெண்டு 10 எம்.எம் கம்பி போட்டா 68 கிலோ, ரிங்கு தனி. இதுல இருந்து அந்த இடத்துல கட்டாம விடுற செங்கலை கழிக்கணும், ரெண்டு வரி கல்லு, அதை அவரா கழிக்க மாட்டார், நீங்கதான் ஞாபகப்படுத்தணும். இந்த அளவை எடுத்துட்டு போயி ரேட்டு பேசுங்க. "எக்ஸ்ட்ரா மொத்தமா இவ்வளவு"ன்னு அவர் குத்துமதிப்பா சொல்ற தொகைக்கு தலையாட்டாதீங்க, ரன்னிங் அடிக்கு, அதாவது நீளத்துல ஒரு அடிக்கு, எவ்வளவுன்னு கேளுங்க. லிண்டல், கைப்பிடிச்சுவர் பூச்சு இதெல்லாம் ரன்னிங் அடி, கான்கிரீட்டு கன அடி, மத்த பூச்சும் பெயிண்ட்டும் சதுரடி. சதுரம்னு யாராவது சொன்னா அது நூறு சதுரடி, "பத்து சதுர வீடு"ன்னா ஆயிரம் சதுரடி.

கம்பிக்கு வருவோம். நூல்னா ஒரு இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு. மூணு நூல் கம்பின்னா 10 எம்.எம், நாலு நூல்னா 12, அஞ்சு நூல்னா 16, ரெண்டரை நூல்னா 8. மெட்ரிக் அளவுக்கு நம்ம நாட்டுல சட்டம் வந்தது 1956ல, ஆனா சைட்ல இன்னும் அடி, இன்ச்சு, நூலுதான் ராஜா. மேஸ்திரி சொன்ன "பில்லருக்கு நாலு நூலு"ம் டிராயிங்ல இருக்கற 12ம் ஒண்ணுதான், ஏமாத்தல.

கிலோவுக்கு ஒரு ஈசியான கணக்கு இருக்கு, இதை உங்க டைரியில எழுதி வச்சுக்கங்க. கம்பியோட எம்.எம்மை அதாலேயே பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும். 12க்கு 12 நூத்தி நாப்பத்தி நாலு, வகுத்தா 0.889. முழு கம்பி 12 மீட்டர், நாம நாப்பது அடின்னு சொல்றது, அதனால ஒரு கம்பி 10.67 கிலோ. இப்படியே 8 எம்.எம் ஒண்ணு 4.74 கிலோ, 10 எம்.எம் 7.41, 16 எம்.எம் 18.96. உங்க பில்லுல 12 எம்.எம் 427 கிலோ போட்டிருக்கு, அப்ப 40 கம்பி வந்திருக்கணும். நீங்க எண்ணுனது 38. 38 கம்பிக்கு 405 கிலோதான் வரும், கம்பியில கூட குறைய இருக்கும்னு ஸ்டாண்டர்டே இந்த சைசுக்கு 5 சதவீதம் விட்டுக் குடுக்குது, அதையும் சேர்த்தாலும் 426 தான். ஒரு மயிரிழையில வெளிய போகுது. உடனே கடைக்காரர் மேல பாய வேணாம்ணே, நீங்க எண்ணுறதுக்கு முன்னாடியே ரெண்டு கம்பியை வெட்டி எதுக்காச்சும் எடுத்திருக்கலாம், முதல்ல மேஸ்திரிகிட்ட சாதாரணமா கேளுங்க. எடுக்கலைன்னா ஒரே ஒரு கம்பியை ரைஸ்மில் தராசுல வச்சு பாருங்க, 11 கிலோவுக்கு மேல இருந்தா எடை சரி, எண்ணிக்கைதான் கம்மி, 10.67 பக்கத்துல இருந்தா ரெண்டு கம்பிக்கான காசு கடையில இருக்கு. அடுத்த லோடுல இருந்து இறக்குறப்பவே எண்ணுங்க, கண்டக்டருக்கு தலை எண்ண சொல்லித் தரணுமா.

கம்பியில எஃப்.இ 500 டின்னு அச்சு இருக்குன்னு எழுதிருந்தீங்க. 500ங்கறது வலு, ஒரு சதுர எம்.எம்முக்கு 500 நியூட்டன் இழுவை வரைக்கும் கம்பி நிரந்தரமா நீண்டுடாம தாங்கும். "டி"ன்னா கொஞ்சம் அதிகமா நீண்டு குடுத்துட்டுதான் அறும், டக்குன்னு ஒடியாது, வீட்டுக்கு அதுதான் வேணும். கடை போர்டுல "முறுக்குக் கம்பி"ன்னு எழுதிருப்பாங்க, இன்னைக்கு வர்ற டி.எம்.டி கம்பியை யாரும் முறுக்குறதே இல்ல. முன்னாடி டார் ஸ்டீல்னு ஒண்ணு இருந்துச்சு, அதைத்தான் குளிர்ந்த நிலையில முறுக்குவாங்க. இப்ப சூடா உருட்டி வர்ற கம்பி மேல தண்ணியை பீச்சியடிப்பாங்க, வெளித்தோல் கெட்டியாகும், உள்ள இருக்கற சூடு திரும்ப வெளிய வந்து அந்த தோலை பதமாக்கும். கம்பி மாறிடுச்சு, பேரு மட்டும் நிக்குது. பேருன்னு சொன்னதும் ஞாபகம் வருது, மேஸ்திரி, ஜன்னல், சாவி, வராந்தா இதெல்லாம் போர்ச்சுக்கல்காரங்க விட்டுட்டு போனது, அப்புறம் நாம பேஸ்மெண்ட்டை மட்டும் ஏன் குத்தம் சொல்லணும்.

யூனிட்டுன்னா நூறு கன அடி. எம்-சாண்ட் லாரி வந்தா உள் நீளம், உள் அகலம், மணல் நிக்கிற உயரம் மூணையும் அடியில அளந்து பெருக்கி நூறால வகுங்க. 14க்கு 7க்கு 3ன்னா 294, அதாவது மூணு யூனிட்டுக்கு ஆறு கன அடி கம்மி, இதுக்கெல்லாம் சண்டை வேணாம். ஈரமா வர்ற மணலு உப்பி நிக்கும், அதை மட்டும் மனசுல வச்சு பேசுங்க.

கலவையில ஒரு விஷயம் கண்டிப்பா கவனிங்க. உங்க அக்ரிமெண்ட்ல "ஆர்.சி.சி எம் 20"ன்னு இருக்கு, ஆர்.சி.சின்னா கம்பி போட்ட கான்கிரீட், மேஸ்திரி "ஒண்ணு ரெண்டு நாலு போட்டுடலாம் சார்"னு சொன்னதா எழுதிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணு கிடையாது. எம் 20ன்னா 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டை 28 நாள்ல சதுர எம்.எம்முக்கு 20 நியூட்டன் நசுக்கலை தாங்கணும், கையில கலக்குறப்ப அதுக்கு சிமெண்ட் ஒண்ணு, மணல் ஒன்றரை, ஜல்லி மூணு. ஒண்ணு ரெண்டு நாலு போட்டா எம் 15 தான். அவர் பொய் சொல்றார்னு நினைக்காதீங்க, அவர் தொழில் கத்துக்கிட்ட காலத்துல கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம் 15 போதும்னுதான் விதி இருந்துச்சு, 2000ல கான்கிரீட்டுக்கான இந்திய ஸ்டாண்டர்டு ஐ.எஸ் 456ஐ திருத்துனப்பதான் குறைஞ்சது எம் 20ன்னு ஆச்சு. அவருக்கு கத்துக் குடுத்தவருக்கு கத்துக் குடுத்தவர் சொன்னது அது, கை பழகிடுச்சு. நீங்க ஒண்ணும் பேச வேணாம், மெஷின் பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்காந்து ஒரு மூட்டைக்கு எத்தனை சட்டி மணலு எத்தனை சட்டி ஜல்லின்னு எண்ணுங்க. ஒரு மூட்டை சிமெண்ட் ஒண்ணேகால் கன அடி, அதே அளவுக்கு ஒரு பெட்டி அடிச்சு வச்சா இன்னும் நல்லது, பெட்டியில ஒன்றரை மணலு, மூணு ஜல்லி. ஜல்லி முக்கா இன்ச்சு, அதாவது 20 எம்.எம். தண்ணி மூட்டைக்கு 27 லிட்டரைத் தாண்டாம இருக்கணும், மணலு ஈரமா இருந்தா இன்னும் கம்மி. நைஸா ஓடணும்னு ஒரு குடம் தண்ணியை கூட ஊத்துறது இருக்கே, வீட்டை கெடுக்கறதுல பாதி அதுதான்.

அடுத்தது ரூஃப். சென்ட்ரிங்குன்னா கான்கிரீட் கெட்டியாகுற வரைக்கும் கீழ முட்டுக் குடுத்து நிக்கிற ஷீட்டும் ஜாக்கியும். அந்த காலத்துல ஆர்ச்சு கட்டுறதுக்கு கீழ வைக்கிற மரச்சட்டத்துக்குத்தான் அந்த பேரு, இப்ப எல்லாத்துக்கும் அதான். எத்தனை நாள்னா, ஐ.எஸ் 456 கணக்குல நாலரை மீட்டர் வரைக்கும் அகலமான தளத்துக்கு முட்டு 7 நாள் இருக்கணும், அதுக்கு மேலன்னா 14 நாள். பீமுக்கு அடியில 6 மீட்டர் வரைக்கும் 14 நாள், அதுக்கு மேல 21. இதெல்லாம் ஓ.பி.சி, அதாவது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு. இப்ப நமக்கு கடையில கிடைக்கறது பெரும்பாலும் பி.பி.சி, ஃப்ளை ஆஷ் கலந்த சிமெண்ட், அது மெதுவா வலு பிடிக்கும், அதனால உங்க ஹாலுக்கு 14 நாள் விடுங்க. சென்ட்ரிங் வாடகை நாள் கணக்குல ஓடுதுன்னு அஞ்சாம் நாளே பிரிக்க கேப்பாங்க, வாடகை யாரு கட்டுறதுன்னு இப்பவே எழுதிக்கங்க. தளத்துக்கு மேல சின்னதா வயல் மாதிரி பாத்தி கட்டி தண்ணி நிறுத்துவாங்க, பி.பி.சிக்கு குறைஞ்சது 10 நாள், 14 நாள் நின்னா தங்கம்.

ரூஃப் போடுற அன்னைக்கு ஒரே ஒரு இடத்துல நீங்க நிக்கணும்ணா அது முன்பக்கம் போர்டிகோவுக்கு மேல 3 அடி வெளிய நீட்டிட்டு இருக்கே, அங்க. அதுக்கு காரணம் சொல்றேன். மத்த எல்லா இடத்துலயும் தளத்துக்கு மெயின் கம்பி கீழ இருக்கும், ஏன்னா நடுவுல பாரம் வந்தா தளம் கீழ்ப்பக்கம்தான் இழுபடும். நீட்டிட்டு இருக்கற பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் தலைகீழ், மேல்பக்கம்தான் இழுபடும், மெயின் கம்பி மேல இருக்கணும். கம்பி கட்டுறவங்க சரியாத்தான் கட்டிருப்பாங்க, சேர்னு கம்பியிலயே ஒரு முக்காலி வளைச்சு மேல் கம்பியை தூக்கி நிறுத்திருப்பாங்க. காலையில ஏழு மணிக்கு கான்கிரீட் ஆரம்பிக்கும், பாண்டு கை மாறி கை மாறி வரும், அந்த அவசரத்துல பத்து பேர் அது மேல நடப்பாங்க, மத்தியானத்துக்குள்ள அந்த மேல் கம்பி மிதிபட்டு மிதிபட்டு கீழ் ஷீட்டுல போயி ஒட்டிக்கும், மேல கான்கிரீட் மூடுனப்புறம் யாருக்கும் தெரியாது. 5 இன்ச் தளத்துல அந்த கம்பி 2 இன்ச் இறங்குனா தாங்குற சக்தி பாதியா போயிடும். நான் போற சைட்ல எல்லாம் கையில ஒரு கொக்கி வச்சிருப்பேன், கான்கிரீட் விழறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி கம்பியை இழுத்து மேல தூக்கி, விழுந்ததும் வைப்ரேட்டர் விட சொல்லிட்டு அடுத்த கம்பிக்கு நகருவேன், "மேடம் மீன் புடிக்கிறாங்க"ன்னு சித்தாளுங்க கிண்டல் பண்ணுவாங்க. நீங்களும் புடிங்க. நடக்கறதுக்கு பலகை போட சொல்லுங்க.

கவர் பிளாக்குன்னு கேட்டிருந்தீங்களே, கம்பி ஷீட்டுல படாம இருக்க அடியில வைக்கிற சின்ன சிமெண்ட் கட்டை. தளத்துக்கு 20 எம்.எம், பீமுக்கு 25, பில்லருக்கு 40, ஃபூட்டிங்குக்கு 50. ஜல்லியை எடுத்து கம்பிக்கு கீழ சொருகுறது கவர் ஆகாது.

பூச்சு பத்தி பிறகு பேசலாம், இன்னும் நாள் இருக்கு.

இப்ப அக்காவோட கேள்வி. மேஸ்திரி சமையல் மேடை ரெண்டே முக்கா அடின்னு சொல்லிருக்கார், அக்காவுக்கு அது உயரமா தாழ்வான்னு கேட்டிருக்காங்க. அண்ணே, எங்கிருந்து ரெண்டே முக்கா? நான் வேலைக்கு சேர்ந்த ரெண்டாவது வருஷம் ஒரு வீட்டுல லிண்டல் 7 அடின்னு டிராயிங்ல இருந்துச்சு, கொத்தனாரும் 7 அடிதான் வச்சார், ஆனா அவர் அளந்தது பி.சி.சி மேல இருந்து. அப்புறம் கலவையும் டைல்ஸும் சேர்ந்து மூணு இன்ச்சு ஏறிடுச்சு, கதவு 6 அடி 9 இன்ச்சுல நின்னுச்சு, வாங்கி வச்சிருந்த ஏழு கதவையும் அடியில அறுத்தோம். திட்டு வாங்குனது நான். அன்னையில இருந்து எந்த சைட்டுக்கு போனாலும் முதல் வேலையா டைல்ஸ் மேல்மட்டம் எங்க வரும்னு பாத்து, அதுல இருந்து சரியா 3 அடி மேல எல்லா ரூம் சுவர்லயும் பில்லர்லயும் டியூப் மட்டம் புடிச்சு சிவப்பு பெயிண்ட்ல ஒரு கோடு போடச் சொல்லிடுவேன், நிலை, ஜன்னல், லிண்டல், சுவிட்ச் பாக்ஸ், மேடை எல்லாம் அந்த கோட்டுல இருந்துதான் அளக்கணும். உங்க வீட்டுல இப்ப பில்லர் மட்டும்தானே நிக்குது, பில்லர்ல போடச் சொல்லுங்க.

மேடைக்கு அளவு அக்காதான். நேரா நின்னு முழங்கையை மடிச்சு, முழங்கையில இருந்து நாலு இன்ச்சு கீழ கிரானைட் மேல்மட்டம் வந்தா நறுக்கறதுக்கு தோள் வலிக்காது. கிரானைட் முக்கா இன்ச்சு, அதுக்கு அடியில கலவை, எல்லாம் அந்த அளவுக்குள்ள அடங்கணும், மேஸ்திரிகிட்ட ஸ்லாப் உயரம்னு சொல்லாதீங்க, கிரானைட் உயரம்னு சொல்லுங்க. அளக்கும்போது அக்கா செருப்பில்லாம நிக்கணும்.